பழைய வீட்டில் புதிய ஓவியம்



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இலக்கிய வட்டத்தின் மேடையில் கவிதையை விடுத்து ஓவியத்தைப் பற்றி, அதிலும் ஓவியத்தைத் தாங்கி நிற்கும் வீடுகளைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் இராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் இந்தக் கடற்கரைப் பகுதியில் வாழ்ந்து எழுதுவோர்க்கு அது அயலான பொருள் அன்று. கவிதை படிக்க ஓர் அறை வேண்டும். ஓவியம் பார்க்க ஒரு சுவர் வேண்டும். ஓர் ஊரில் அந்த அறையும் அந்தச் சுவரும் யாருக்கு எளிதில் கிடைக்கின்றன, யாருக்குக் கிடைப்பதில்லை என்று கேட்கத் தொடங்கினால், கலையைப் பற்றிய பேச்சு ஊரைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது.

இவ்வுரையின் பொருள் கொச்சிக் கோட்டையில் உள்ள சில பழைய வீடுகள். வடசென்னையில் நின்றுகொண்டு கொச்சியைப் பேசுவானேன் என்று கேட்கலாம். இரண்டு ஊர்களுக்கும் பழைய உறவு உண்டு. எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டில் 1613ஆம் ஆண்டு கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பியது டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினி. அதே கும்பினிதான் 1663ஆம் ஆண்டு சனவரியில் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றியது. இங்கே துணி, அங்கே மிளகு. சோழமண்டலக் கரையின் துணியைக் கொண்டு கீழைத்தீவுகளில் நறுமணப் பொருள்களை வாங்கியவர்கள், மலையாளக் கரையில் மிளகுக்காகக் கிடங்குகளைக் கட்டினார்கள். பழவேற்காட்டில் எஞ்சியிருப்பது வாயிலில் எலும்புக்கூடுகள் செதுக்கப்பெற்ற ஒரு கல்லறைத் தோட்டம். கொச்சியில் எஞ்சியிருப்பவை வீடுகள். அவ்வீடுகளுள் சிலவற்றில் இன்றைய ஓவியர்களின் ஓவியங்கள் தொங்கின. ஒரே வணிகத்தின் இரு முனைகளில் ஒன்றில் நிகழ்ந்தது மற்றொன்றில் ஏன் நிகழவில்லை என்னும் கேள்வியே இவ்வுரையின் தொடக்கம்.

அதற்கு விடை தேடுமுன் சென்னையின் கலைவரலாற்றில் ஒரு சிறு செய்தியை நினைவுகூர்தல் நலம். மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850ஆம் ஆண்டு தம் சொந்த முயற்சியில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். அது தொடங்கிய இடம் பிராட்வே. அதாவது கறுப்பர் நகரம் என்று அன்று வெள்ளையர் அழைத்த வடபகுதி. 1852ஆம் ஆண்டு அரசு அதனை ஏற்றுக்கொண்டபின் அது பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் போயிற்று. அப்பள்ளியே பின்னர் அரசு கவின்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. அதன் முதல்வராக விளங்கிய கே.சி.எஸ். பணிக்கர் 1966ஆம் ஆண்டு ஓவியர்களைத் திரட்டி ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். பிராட்வே, எழும்பூர், ஈஞ்சம்பாக்கம் என்று வரைபடத்தில் மூன்று புள்ளிகளை வைத்து ஒரு கோடு இழுத்தால், அது தெற்கு நோக்கியே செல்லும். தனியார் கலைக்கூடங்களும் பெரும்பாலும் அத்திசையிலேயே தோன்றின. பணிக்கருக்கு முன் அக்கல்லூரியை நடத்திய தேவி பிரசாத் ராய் சௌத்ரி உழைப்பாளர் சிலையை வடித்தார். நான்கு மனிதர்கள் ஒரு பாறையைப் பெயர்க்கும் அச்சிலை மெரினாவில் நிற்கிறது. உழைப்பு பெரிதும் வடக்கே. அதன் சிலை கடற்கரைப் பூங்காவில். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. நகரம் தன் கலையை எங்கே வைத்துப் பார்க்க விரும்பியது என்பதற்கு இது ஒரு சான்று.

இனிக் கொச்சிக்குச் செல்லலாம்.

கொச்சிக் கோட்டையின் பர்கர் தெருவில் ஒரு பழைய டச்சு வீடு. 1997ஆம் ஆண்டு அனூப் ஸ்கரியா, டோரி யங்கர் ஆகிய இருவரும் அதில் 'காசி' என்னும் பெயரில் ஒரு கலைக்கூடத்தைத் தொடங்கினார்கள். காப்பிக்கடையும் கலைக்கூடமும் ஒரே கூரையின் கீழ் அமைந்தன. அந்நாளில் கொச்சியில் இன்றைய ஓவியத்துக்கென்று சொல்லத்தக்க சந்தை இல்லை. சுற்றுலாப் பயணியர் சீன வலைகளையும் தேவாலயத்தையும் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தனர். அவ்வூரில் இளைஞன் ஒருவன் வரைந்த ஓவியத்தைச் சுவரில் மாட்டி, அதன் எதிரே ஒரு நாற்காலியையும் ஒரு கோப்பைக் காப்பியையும் வைத்ததுதான் காசி செய்த காரியம். சிறிய காரியந்தான். ஆனால் அது செய்த வேலை சிறிதன்று.

அரசு அருங்காட்சியகத்துக்குள் முதன்முதலாக நுழையும் ஒருவரைக் கவனித்தால் இது விளங்கும். உயர்ந்த படிகள், பளிங்குத் தளம், சீருடைக் காவலர், தொடாதீர் என்னும் பலகை. ஓவியத்தைப் பார்க்குமுன்பே அவர் தம் செருப்பைப் பார்க்கிறார். தாம் இங்கு வரத் தக்கவர்தாமா என்று தம்மையே கேட்டுக்கொள்கிறார். வீட்டுக்குள் நுழைபவருக்கு அத்தயக்கம் குறைவு. வீட்டின் இலக்கணம் அவருக்குத் தெரியும். இது நடை, இது கூடம், இது முற்றம், அதோ அடுக்களை இருந்த இடம் என்று கால்களே அறிந்துகொள்கின்றன. வாழ்ந்து பழகிய ஓர் அமைப்புக்குள் வாழ்ந்து பழகாத ஒரு பொருளைப் பார்க்கும்போது, அப்பொருளின் புதுமை அச்சுறுத்துவதில்லை. விருந்தினர் வீட்டில் அறியாத உறவினர் ஒருவரைச் சந்திப்பது போல, மெல்லப் பேச்சுக்கொடுக்கத் தோன்றுகிறது.

அறையின் அளவும் பார்வையை மாற்றுகிறது. பழைய வீட்டின் ஓர் அறையில் நான்கு அல்லது ஐந்து ஓவியங்களே இடம்பெற இயலும். பத்தடி தொலைவில் நின்று நோக்க வழியில்லை, இரண்டடியில் நிற்கவேண்டும். தூரிகை எங்கே தயங்கியது, எங்கே வண்ணத்தை அழித்து மறுபடி இட்டது என்பன கண்ணில் படுகின்றன. காலையில் கிழக்குச் சாளரத்தின் வழியே வரும் ஒளியில் தெரிந்த நீலம், மாலையில் வேறு நீலமாகிறது. தெருவில் மீன்காரியின் குரலும் மிதிவண்டி மணியும் ஓவியத்தோடு சேர்ந்தே கேட்கின்றன. பெருநகரங்களில் வெள்ளைச் சுவரும் மூடிய சாளரமும் கொண்ட கலைக்கூடங்கள், உலகம் வெளியே இருக்கட்டும், ஓவியம் மட்டும் உள்ளே இருக்கட்டும் என்னும் கொள்கையின்மீது கட்டப்பட்டவை. பழைய வீட்டால் அவ்வாறு உலகத்தை வெளியே நிறுத்த முடியாது. ஓவியத்தின் வலிமைக்கு அது ஒரு சோதனை. தெருச்சத்தத்தைத் தாங்காத ஓவியம் அவ்வீட்டில் நிற்பதில்லை.

வீட்டின் சுவரோ தனக்கென்று சில கட்டளைகளை உடையது. சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவரில் ஆணியடித்தால் சாந்து உதிரும். ஆகவே சுவரின் மேற்பகுதியில் ஒரு மரச்சட்டம் பொருத்தி, அதிலிருந்து கம்பி தொங்கவிட்டு ஓவியத்தை மாட்டுவது உலகெங்கும் பழைய வீடுகளில் உள்ள வழக்கம். கடற்காற்றின் ஈரத்தைச் சுண்ணாம்புச் சுவர் உள்வாங்கி வெளிவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்துச் சுவர் பொரிந்துபோகும். தாளில் வரைந்த ஓவியத்துக்குப் பூஞ்சையும் நேர்வெயிலும் பகை. பழைய வீட்டைக் கலைக்கூடமாக்குவோர் முதலில் கற்கவேண்டியது கொத்தனாரின் அறிவு. ஓவிய அறிவு அதற்குப் பின்னரே. இந்த ஊரில் அவ்வறிவு படைத்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதை மட்டும் இங்கே குறித்துவைத்து மேலே செல்லலாம்.

கொச்சிக் கோட்டையின் அணிவகுப்புத் திடலை நோக்கி நிற்கும் மற்றொரு வீடு டேவிட் ஹால். டச்சுக் கும்பினி கட்டியது. 1695 என்பது அதற்குச் சொல்லப்படும் ஆண்டு. தடித்த சுவர்களும் ஓட்டுக்கூரையும் பின்புறம் தோட்டமும் உடையது. அதுவும் பின்னாளில் புதுப்பிக்கப்பெற்றுக் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. இவ்வீட்டோடு ஒரு பெரிய பெயர் சேர்த்துச் சொல்லப்படுகிறது: ஹென்றிக் வான் ரீட். மலையாளக் கரையின் டச்சு ஆளுநராக இருந்தவர்; 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் செடிகொடி நூலைத் தொகுப்பித்தவர். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அது வெளிவந்தது. ஆனால் ஆண்டுகளைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பவர்க்கு ஓர் ஐயம் எழும். வான் ரீட் 1691ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். கொச்சியை விட்டு அவர் நீங்கியது அதற்கும் பல ஆண்டுகள் முன்னர். வீட்டின் ஆண்டு சரியாயின் அவ்வீட்டில் அவர் வாழ்ந்திருக்க இயலாது. பழைய வீடுகளைச் சுற்றிப் பெரிய பெயர்கள் கொடிபோலப் படர்வது இயல்பே. பெயர்களைக் கேட்கும்போது மகிழலாம். ஆண்டுகளையும் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்பெரிய பெயரின் நிழலில் மறைந்த பெயர்களையும் கேட்கவேண்டும். அந்நூலின் மூலிகை அறிவு வான் ரீடுக்கு உரியதன்று. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர் தம் குடும்பத்து ஓலைச்சுவடிகளின் துணைகொண்டு செடிகளின் பெயரையும் பயனையும் சொன்னார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் துணைநின்றனர். அவர்களுடைய சான்றுரைகள் அந்நூலிலேயே அவரவர் எழுத்தில் அச்சாகியுள்ளன. இலத்தீனில் இருந்த அந்நூலைக் கே.எஸ். மணிலால் நெடுங்காலம் உழைத்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அம்மொழிபெயர்ப்பு வெளிவந்தது 2003ஆம் ஆண்டு. முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகே, அச்சுதனின் அறிவு அவருடைய ஊரார் படிக்கும் வண்ணம் திரும்பி வந்தது. வீடு இன்று தாங்கி நிற்கும் பெயரோ வேறு: பிற்காலத்தில் அங்கு வாழ்ந்த யூத வணிகர் டேவிட் கோடரின் பெயர். ஆகப் பழைய வீட்டில் ஓர் ஓவியத்தைத் தொங்கவிடும்போது அது வெறுஞ்சுவரில் தொங்குவதில்லை. கட்டியவன், ஆண்டவன், அறிவைத் தந்தவன், மூட்டை சுமந்தவன் ஆகிய அனைவரும் அச்சுவரில் ஏற்கெனவே இருக்கிறார்கள். யாருடைய பெயர் பலகையில் ஏறுகிறது, யாருடைய பெயர் ஏறவில்லை என்று கேட்கும் ஓவியமே அச்சுவருக்குத் தகுதியானது.

காசியும் பிறவும் தயாரித்து வைத்த அந்த மண்ணில்தான் 2012ஆம் ஆண்டு திசம்பர் 12ஆம் நாள் கொச்சி-முசிறி பினாலே என்னும், ஈராண்டுக்கு ஒருமுறை நிகழும் கலைவிழா தொடங்கிற்று. போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்னும் ஓவியர் இருவர் அதனைத் தொடங்கியவர்கள். 1867ஆம் ஆண்டு ஜான் ஆஸ்பின்வால் நிறுவிய வணிக நிறுவனத்தின் கடலோரக் கட்டடங்களே அன்று அதன் தலைமை அரங்கமாக இருந்தன. மிளகும் தேங்காயெண்ணெயும் இஞ்சியும் மஞ்சளும் ஏற்றுமதியான கிடங்குகள் அவை. முதல் விழாவில் ஷீலா கௌடாவும் கிறிஸ்டோப் ஸ்டோர்ஸும் சேர்ந்து, வீடுகளில் இனித் தேவையில்லை என்று கைவிடப்பட்ட நூற்றெழுபது அரைக்கும் கற்களைக் கொண்டுவந்து அங்கே இறக்கினார்கள். மின்னரைப்பான் வந்தபின் ஆட்டுக்கல்லை உடைக்கவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் இடமில்லை என்னும் நிலையை அறியாத தமிழ்ப் பெண்மணி இலர். நறுமணப் பொருள் ஏற்றிய கிடங்கில், அப்பொருளை நாள்தோறும் அரைத்த பெண்களின் கற்கள் வந்து அமர்ந்தன. ஏற்றுமதிக் கணக்கேட்டில் ஒருபோதும் ஏறாத உழைப்பு, ஏற்றுமதி செய்தவனின் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. வேறு எந்தக் கூடத்தில் வைத்திருந்தாலும் அக்கற்கள் கற்களாகவே இருந்திருக்கும். அந்தக் கிடங்கில் அவை வழக்காடின.

கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் இன்னொரு படைப்பைச் சொல்லாமல் விட இயலாது. 2016ஆம் ஆண்டு திசம்பரில் தொடங்கிய மூன்றாம் பினாலேயில் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சுரீத்தா ஆஸ்பின்வால் கிடங்கு ஒன்றின் தரையைக் கடல்நீரால் நிரப்பினார். 1973ஆம் ஆண்டு சிலியில் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தபோது கைதாகி ஒரு கப்பலின் அடித்தளத்தில் அடைபட்டுக் கிடந்தவர் அவர். கடல் அவருக்கு உவமை அன்று. பார்வையாளர் செருப்பைக் கழற்றி, உடையை உயர்த்திக்கொண்டு அந்நீரில் இறங்கி நடக்கவேண்டும். இருபுறச் சுவர்களிலும் சிறுசிறு வினாக்கள். மறுமுனையை அடைந்தால் அங்கே ஒரு கவிதை, காலிப் குர்தி என்னும் ஐந்து வயதுச் சிறுவனுக்காக. 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் துருக்கிக் கரையில் கவிழ்ந்து கிடந்த அய்லான் என்னும் குழந்தையின் நிழற்படத்தை உலகமே கண்டது. அவனோடு மூழ்கிய அண்ணன் காலிப்பை யாரும் நிழற்படம் எடுக்கவில்லை. படம் இல்லாத அந்தப் பிள்ளைக்குத்தான் அக்கடல் நீர். கவிதையைப் படிக்க நனைந்தே ஆகவேண்டும் என்று ஒரு கவிஞர் ஏற்பாடு செய்தார். அச்சிட்ட பக்கத்தில் அதனைச் செய்ய இயலாது. ஒரு கிடங்கும் ஒரு சுவரும் தேவைப்பட்டன.

அந்தக் கடல்நீர் கொச்சிக் கிடங்கில் தேங்கி நின்ற அதே நாள்களில்தான், 2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள், எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் எர்ணாவூர்க் கரையிலும் திருவொற்றியூர்க் கரையிலும் கரிய சேறாக ஒதுங்கியது. அதனை மனிதர்கள் வாளிகளால் அள்ளினார்கள். ஆமைகள் செத்து ஒதுங்கின. மீன் விற்க வழியின்றி மீனவர் வீடுகள் முடங்கின. மீண்டும் 2023ஆம் ஆண்டு திசம்பரில், மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. அலையாத்தி மரங்களின் அடி கறுத்தது, படகும் வலையும் கறுத்தன. கொச்சியில் கவிதைக்காக நீரில் இறங்கியவர்கள் துடைத்துக்கொண்டு கரையேறினார்கள். எண்ணூரில் இறால் தடவிப் பிடிக்க இடுப்பளவு நீரில் இறங்குவோர்க்குக் கரையேறியபின்னும் அந்நீர் நீங்குவதில்லை. இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஒன்றைத் தாழ்த்துவது நோக்கமன்று. சுரீத்தாவின் நீர் காலிப்பை உலகுக்கு நினைவூட்டியது போல, எண்ணூரின் நீரை நினைவூட்டும் சுவர் எண்ணூருக்கு அருகில் எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. செய்தித்தாளில் அப்படங்கள் வந்தன. தெற்கே உள்ள அரங்குகளில் அப்பாடுகள் பாடப்பட்டன, பேசப்பட்டன. அவற்றை எர்ணாவூர்க்காரர் ஒருவர் மாலையில் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு, இது இப்படியில்லை, அப்படி என்று திருத்திச் சொல்லத்தக்க ஓர் இடம் வேண்டும். திருத்தம் சொல்ல வழியில்லாதவரைப் பற்றிய கலை, எவ்வளவு பரிவோடு செய்யப்பட்டதாயினும், பாதிக் கலையே.

இத்துடன் கொச்சியைப் புகழ்ந்து முடித்துவிட்டால் உரை நேர்மையுடையது ஆகாது. மறுபக்கமும் உண்டு. ஆஸ்பின்வால் கிடங்குகளிலிருந்து சிறிது தொலைவில் உள்ள மட்டாஞ்சேரியில், 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் துறைமுகத் தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. கங்காணிகள் 'சாப்பா' என்னும் உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசியெறிவார்கள்; பாய்ந்து பிடித்தவனுக்கு அன்று வேலை, பிடிக்காதவனுக்குப் பட்டினி. அம்முறையை எதிர்த்துக் கிளர்ந்தவர்கள்மீதே குண்டுகள் பாய்ந்தன. சைது, சைதலவி, அந்தோணி ஆகியோர் உயிர்நீத்தனர். அழகிய கலைக்கூடங்களைப் பார்க்க வரும் வெளியூரார் பலருக்கு இது தெரியாது. மேலும், ஒரு தெரு கலைக்குப் பெயர்பெற்றவுடன் வாடகை ஏறுகிறது, விடுதிகள் பெருகுகின்றன, காப்பியின் விலை மூட்டை சுமப்பவரின் கைக்கு எட்டாததாகிறது. கிடங்குகள் பிறர் உடைமையாக இருப்பதால் விழாவே அவர்கள் இசைவை எதிர்நோக்கி நிற்கவேண்டியதாகிறது. 2022ஆம் ஆண்டின் ஐந்தாம் பினாலே அறிவித்த நாளில் திறக்க இயலாமல் திசம்பர் 23ஆம் நாளுக்குத் தள்ளிப்போயிற்று. வாசலில் தயக்கமின்றி நுழைந்தவர் மெல்ல மெல்லத் தயங்கத் தொடங்கினால், பழைய வீடும் இன்னோர் அருங்காட்சியகமாகிவிடும். பளிங்குக்குப் பதில் அங்கே பழைய தேக்கு இருக்கும், வேறுபாடு அவ்வளவே.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்தபின் வடசென்னைக்குத் திரும்பலாம்.

இப்பகுதி வரலாறு இல்லாத பகுதி அன்று. தென்னாட்டின் முதல் பயணியர் இரயில் 1856ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அந்நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரால் நெசவாளர்க்கு என அமைந்த குடியிருப்பு. காலெட்பேட்டை என்பதே மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. ஏழுகிணற்றில் வள்ளலார் இளமையில் வாழ்ந்த வீடு இருக்கிறது; ஒரு பெருங்கவிஞர் குடியிருந்தது மாளிகையில் அன்று, ஒரு சந்து வீட்டில் என்பதை அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. பெயர்பெறாத வீடுகளோ பல. திண்ணை, மரத்தூண், தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு பாய்ச்சிய மெட்ராஸ் டெரஸ் கூரை ஆகியவற்றோடு அவை ஒவ்வொன்றாக இடிந்துகொண்டிருக்கின்றன. இடிப்போரைக் குறைகூறுதல் எளிது. கூரை ஒழுகும் வீட்டில் வாழ்பவருக்கு வரலாறு குடை பிடிப்பதில்லை. வீடு பயன்பட்டால் நிற்கும், பயன்படாவிடில் விழும்.

அவ்வாறு ஒரு வீட்டுக்குப் பயன் தரக்கூடியது ஒரு சிறு கலைக்கூடம். அதற்குப் பெருஞ்செல்வர் வேண்டியதில்லை. முன்கூடம் ஒன்று, ஒழுகாத கூரை ஒன்று, மரச்சட்டம் பொருத்திய சுவர் இரண்டு, நல்ல விளக்கு நான்கு. ஆனால் கொச்சியின் அனுபவத்திலிருந்து எழும் சில நிபந்தனைகள் உள்ளன. பணிமுறை முடிந்து வருவோர்க்காக அது இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கவேண்டும். பகல் பதினொன்று முதல் ஐந்து வரை திறக்கும் கூடம் ஆலையிலும் துறைமுகத்திலும் வேலை செய்பவருக்காகத் திறக்கப்படவில்லை. அங்கே தேநீர் கிடைத்தால், தெருக்கடையின் விலைக்கே கிடைக்கவேண்டும். ஓவியத்துக்கு அருகில் உள்ள சீட்டு நல்ல தமிழில் இருக்கவேண்டும். முதற் கண்காட்சியில் அயலூர்ப் புகழாளர்க்குமுன் இவ்வூரின் கைகள் இடம்பெறவேண்டும். காசிமேட்டில் படகுகளுக்குப் பெயர் எழுதும் கைகள், சுவரெழுத்து எழுதும் கைகள், திரைப்படப் பதாகை வரைந்து பழகி அத்தொழில் மறைந்தபின் வெறுமனே இருக்கும் கைகள் இங்கே உள்ளன. அவற்றோடு, கவின்கலைக் கல்லூரியில் படித்துத் திரும்பி, வரைந்ததை மாட்ட ஊரில் இடமின்றிக் கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைத்திருக்கும் இளைஞர்களின் கைகளும் உள்ளன.

இதில் இலக்கிய வட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தமிழில் ஓவியமும் புதுக்கவிதையும் ஒரே வீட்டில் வளர்ந்தவை. ஆதிமூலம், பாஸ்கரன் முதலிய ஓவியர்கள் 'கசடதபற' போன்ற சிற்றேடுகளில் வரைந்தார்கள். காசு பெறாத கவிஞனுக்குக் காசு பெறாத ஓவியன் துணைநின்றான். அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்தும் காலம் இது. ஓவியத்தின் அருகில் ஒட்டும் நான்கு வரிச் சீட்டை எழுதுவது எளிய பணி அன்று. படத்தை விளக்கிக் கெடுக்காமலும், கலைச்சொற்களால் பார்ப்பவரை மிரட்டாமலும், எதைப் பார்த்தால் கண் திறக்கும் என்று மட்டும் சொல்லவேண்டும். சொல்லின் எடையை அறிந்த கவிஞனே அதனைச் செய்யக்கூடும். வாசலில் தயங்கி நிற்பவரை உள்ளே வாருங்கள் என்று அழைக்கும் முதற்சொல்லும் அவனுடையதாகவே இருக்கவேண்டும்.

ஒரு கலைக்கூடத்தின் தரத்தை அதன் சுவரில் தொங்கும் பெயர்களால் அளப்பது வழக்கம். அதன் வாசற்படியால் அளப்பதே சரி. யார் அதனைத் தயங்காமல் தாண்டுகிறார், யார் தெருவிலேயே நின்றுவிடுகிறார் என்று அப்படிக்குத் தெரியும். பர்கர் தெருவின் ஒரு சிறு வீடு, பெருங்கட்டடம் இல்லாமலே ஓர் ஊரின் பார்வையை மாற்றலாம் என்று காட்டியது. அதே தெருவின் பின்வரலாறு, பார்வை மாறிய ஊரில் பழைய குடிகளின் இடத்தையும் காக்கவேண்டும் என்று எச்சரித்தது. இரண்டையும் சேர்த்துப் படித்துக்கொண்டு தொடங்கும் வாய்ப்பு வடசென்னைக்கு இருக்கிறது. பிராட்வேயில் தொடங்கித் தெற்கே போன கோட்டை மறுபடி வடக்கே இழுக்க ஒரு புள்ளி போதும்.

பதினோராம் ஆண்டில் இவ்வட்டம் வெளியிடும் கவிதைத் தொகுப்புகளோடு, இராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் இடையே ஏதேனும் ஒரு பழைய வீட்டின் முன்கூடமும் திறக்குமாயின், மலரின் அடுத்த பதிப்பில் எழுதுவதற்கு வேறு செய்தி தேவைப்படாது.